கழிசல் மீனும் சிங்கப்பூர் மீனும்

ராயபுரம் சிலுவையம்மாள் தன் வாழ்நாளில் பார்த்த மீன்களில் பாதியைத் தின்றிருக்கிறாள், மீதிப் பாதியை வைதிருக்கிறாள். காரணமில்லாமல் வையவில்லை. தின்ன உதவுகிற மீன் சாதுவாக வலையை விட்டு வரும். உதவாத மீன்தான் வலைக் கண்ணியைச் சுற்றிக்கொண்டு, முள்ளை விரித்து, விரலைக் கிழிக்கும். அதைக் கழற்றுவதுதான் அவள் தொழில்.

துறைமுகக் கல்சுவரின் ஓரம் வலை போட்ட கட்டுமரங்கள் வெயில் ஏறும்போது கரைக்கு வரும். கல்லிடுக்கில் பதுங்கும் சிங்கி இறாலுக்கும் கலவாய் மீனுக்கும் போடுகிற வலை அது. ஆண்கள் விலைபோகும் மீனை மட்டும் உருவிக் கூடையில் போட்டு ஏலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு வலை பெண்கள் கைக்கு வரும். நண்டுக் கால், கூழ் மாதிரி கொழகொழக்கும் சொறி மீன், வயிறு ஊதிய பேத்தை மீன், பாசி, கப்பலிலிருந்து விழுந்த எண்ணெய்க் கந்தல், ஒற்றைச் செருப்பு என்று கண்ணிக்குக் கண்ணி சிக்கியிருப்பதைக் கழற்ற வேண்டும். வலையை அலச வேண்டும், மணலில் விரிக்க வேண்டும். கழிசலைத் தூரக் கொண்டுபோய்ப் புதைக்கவும் வேண்டும். இதற்கு வலை கழிப்பது என்று பெயர்.

வலை கழிப்பதற்குக் கூலி கிடையாது. அதற்குப் பதில் ஒரு வழக்கம் இருந்தது: வலையில் மிச்சம் எதுவோ அது கழிப்பவளுக்கு. மிச்சத்தில் குழம்புக்குத் தேறுவது கொஞ்சம். இன்னும் கொஞ்சம் காய்ந்து கோழித் தீவனமாகும். பெரும்பங்கு மணலுக்குத்தான். நாலு கட்டுமரமும் அதற்கேற்ற வலைகளும் வைத்திருந்த அம்புரோஸ் இந்த வழக்கத்தைப் பற்றி வெளியூர் ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார்: "எங்க துறையில பொம்பளைங்களுக்கும் உரிமை கீது."

மீந்த சோற்றைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்று சொல்லும் நாடு இது. மீந்த மீனைக் கொடுத்துவிட்டு உரிமை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? சிலுவையம்மாளும் அதுவரை கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்தால்தானே.

நல்ல உயரம், அகன்ற தோள். கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடலில் போகிற கட்டுமரம் திரும்பிப் பார்க்கும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள், ஆனால் பிரசங்கம் நீண்டால் எழுந்து வந்துவிடுவாள். "உலை வச்சிட்டு வந்துகீறேன்" என்பாள். அவள் புருஷன் தாமஸ் ரயில்வே ஷெட்டில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவன். ராயபுரத்தில் பிறந்தும் மீன் தின்னாத ஒரே கத்தோலிக்கன் என்று அவனுக்குப் பேர். அவளோடு ஒரே வலையில் வேலை செய்த கெங்கம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். வருஷத்துக்கு ஒரு நாள் சிலுவையம்மாள் அவள் வீட்டுக் கூழைக் குடிப்பாள். ஒரு நாள் கெங்கம்மா இவள் வீட்டுக் கேக்கைத் தின்பாள். முள் குத்தினால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வலித்தது.

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் மணலில் தடுமாறி நடந்து வந்தார். அவர் வேலப்பன். நாகர்கோவில்காரர். மூர் மார்க்கெட்டில் கிளி, வெள்ளெலி, தங்க மீன் விற்கும் கடை அவருடையது. கடையின் பெருமை அதெல்லாம் இல்லை, பின்பக்கம் வைத்திருந்த கடல் மீன் தொட்டிகள்தான். கப்பலில் வேலை செய்கிற ஆட்கள் கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜாடியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரிய பங்களாக்காரர்கள் கார் அனுப்பி வாங்கிப் போவார்கள்.

பிறகு அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆடம்பரப் பொருள் எதற்கும் இறக்குமதி லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பானது. துறைமுக வாசலில் சுங்கக்காரர்கள் பையைத் திறந்து பார்த்தார்கள். மீனும் ஆடம்பரமாயிற்று. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் நாடு, கண்ணாடிக்குள் நீந்தும் மீனுக்கு டாலர் தர முடியாது. அநியாயம் பங்களாக்காரர்களின் மண்டைக்குள் இருந்தது. நம் கடலில் இருப்பதெல்லாம் குழம்புக்கு, அழகெல்லாம் அயல்நாட்டில் என்று அவர்கள் நினைத்தார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்கள் தொட்டியில் மட்டும் அவன் இறங்கிப் போகவில்லை. வேலப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தார். தொட்டிகள் காலியானபின் வேறு வழியில்லாமல்தான் கரை கரையாக அலைந்தார். எண்ணூர் வரை போய்விட்டு, திரும்பும் வழியில் இங்கே இறங்கினார்.

அவர் வந்த நேரம் சிலுவையம்மாள் ஒரு மீனை வாலைப் பிடித்துக் கழிசல் குவியலுக்கு வீசப் போனாள். தேன் நிற உடம்பு, அதில் வளைந்து ஓடும் நீலக் கோடுகள், தோள் பக்கம் ஒரு நீல வளையம்.

"அதை எறியாதேம்மா" என்று ஓடி வந்தார் வேலப்பன்.

"இன்னாத்துக்கு? துன்னா வாய் கசக்கும்."

"தின்ன இல்லை. பார்க்கறதுக்கு."

"பாக்கறதுக்கா? தோ, பாரு. பாத்துட்டு குடு. பொதைக்கணும்."

வேலப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார் என்று கெங்கம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் ஊற்றி, இந்த மாதிரி மீனை விட்டுத் தீனி போட்டு வளர்ப்பார்கள் என்று அவர் விளக்கினார்.

"மீனுக்கு நாம சோறு போடறதா?" என்றாள் சிலுவையம்மாள். "நமக்கு மீனு சோறு போட்டுத்தான் நைனா நான் பாத்துகீறேன்."

"இது சிங்கப்பூரிலிருந்து வந்துக்கிட்டு இருந்த மீனும்மா. இப்போ கொண்டுவர விடமாட்டேங்கிறாங்க."

"இதே மீனா?"

"இதே மீன்தான். அச்சு அசல்."

சிலுவையம்மாள் மணலில் தான் புதைத்த மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "யம்மா கெங்கம்மா, நாம இத்தினி நாளா சிங்கப்பூரையா பொதைச்சுகினு இருந்தோம்?"

கிடைப்பதையெல்லாம் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார் வேலப்பன். கடைக்கு வருகிறவரை மீனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, பார்த்துக் கொண்டுவர வேண்டும் என்று பலதடவை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவள் மூர் மார்க்கெட்டுக்குப் போனாள். தலையில் அலுமினியக் குண்டான், அதைச் சுற்றி ஈரச் சாக்கு. யானைக்கவுனி நெரிசலில் ஒரு சொட்டு சிந்தாமல் நடந்து வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். உள்ளே மீன்கள் பளபளவென்று, நிறம் மங்காமல், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வரிசையாகப் படுத்திருந்தன.

வேலப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா, ஒண்ணுமே ஆவல பாரு. நாளைக்கு வரிக்கும் தாங்கும்."

"உயிரோட வேணும்மா."

"மீனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்ன. ஐசு வச்சா ஒண்ணும் ஆவாது. ராயபுரத்துல பொறந்த கொயந்தைக்குக்கூட தெரியுமே."

வேலப்பன் முதலில் அழுவாரோ என்றுதான் தோன்றியது. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிலுவையம்மாளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கூண்டிலிருந்த கிளிகள்கூடக் கத்தின.

அதற்குப் பிறகு அவள் வேலை முறையை மாற்றினாள். துறைமுகத்தில் கழித்துப் போட்ட மரப்பீப்பாயை வாங்கிப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினாள். வலையை மணலில் போட்டுக் கழிக்காமல், சிக்கிய இடத்தை அப்படியே தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, வலை பின்னும் ஊசியால் கண்ணியை நெகிழ்த்தி மீனை விடுவித்தாள். சாய்ந்து நீந்துகிறதைக் கடலில் திரும்ப விட்டாள். நிமிர்ந்து நீந்துகிறதை மட்டும் வைத்துக்கொண்டாள். கெங்கம்மா மேலே ஈரச் சாக்கு கட்டி நிழல் போட்டாள், அடிக்கடி தண்ணீர் மாற்றினாள்.

முதல் நாள் அந்தத் தொட்டியைக் குனிந்து பார்த்த சிலுவையம்மாள் வெகுநேரம் நிமிரவில்லை. இத்தனை வருஷமாக அவள் இந்த மீன்களைக் காற்றில்தான் பார்த்திருக்கிறாள். காற்றில் அவை ஈரத் துணி மாதிரி சுருங்கி, வாயைப் பிளந்து, முள்ளை விறைத்துக்கொண்டு கிடக்கும். தண்ணீரில் அதே மீன் துடுப்பை விரித்தது. மஞ்சளுக்குள் இன்னொரு மஞ்சள் இருந்தது. கறுப்பென்று நினைத்தது நீலமாக இருந்தது. கல்சுவரும் கிரேனும் கரிப்புகையுமாகத் தெரிகிற இந்த ராயபுரத்துக்கு அடியில் இப்படி ஒரு ஊர் இருந்திருக்கிறது.

"நான் உன்னைக் கண்டபடி வைதுட்டேனேடி" என்று ஒரு மீனிடம் சொன்னாள்.

வைவதை விட்டு அவற்றுக்குப் பேர் வைத்தாள். உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு போட்டது ஏட்டையா. மூக்கு நீண்டு, மஞ்சளும் வெள்ளையுமாய் மினுங்குவது கல்யாணப் பொண்ணு. விசிறி மாதிரி துடுப்பை விரித்து, யாருக்கும் வழி விடாமல், முள்ளில் விஷம் வைத்துக்கொண்டு மெல்ல நடப்பது போல் நீந்துவது விசிறிக்காரி. விசிறிக்காரிக்கு மட்டும் தனி டின்.

தாமஸுக்காக ஒரு கல்யாணப் பொண்ணைக் கண்ணாடி ஜாடியில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மீன் வாசனைக்கு மூக்கைச் சுருக்குகிற மனுஷன் ஷெட்டிலிருந்து வந்ததும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜாடி முன்னால் உட்கார்ந்தான். டீ ஆறிப்போனது.

"இது நல்லா கீது மே" என்றான். "நாறவும் இல்ல, நம்மள துன்னச் சொல்லவும் இல்ல."

இந்த வேலையில் சிலுவையம்மாளுக்கும் கெங்கம்மாவுக்கும் கையில் கொஞ்சம் காசு நின்றது. மழைக் காலத்தில் கட்டுமரம் போகாத நாட்களில் கடன் கேட்டு அம்புரோஸ் வீட்டு வாசலில் நிற்காமல் இருக்கலாம் என்கிற அளவுக்கு நின்றது. அவர்களுக்கு அது பெரிய விஷயம். கடன் வாங்கியவள் வாயைத் திறக்க முடியாது. வாயைத் திறக்காத சிலுவையம்மாளை அவளுக்கே பிடிக்காது.

மூர் மார்க்கெட்டில் ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுத்தியது. தொட்டி மேல் வேலப்பன் எழுதி மாட்டியிருந்த பலகையில் "சிங்கப்பூர் மீன்" என்றிருந்தது.

"இன்னாத்துக்கு நைனா சிங்கப்பூருன்னு எழுதிகீற? நான் ராயபுரத்துலேருந்து நடந்து வரேன்."

"ராயபுரம்னு போட்டா ஒருத்தனும் வாங்கமாட்டான்மா. குழம்பு வைக்கவான்னு கேப்பான்."

"அப்போ எங்க கடலு சிங்கப்பூருன்னு சொன்னாத்தான் அயகா?"

வேலப்பன் காசை எண்ணிக் கொடுத்தார். பலகை அப்படியே இருந்தது.

பலகையைப் படிக்க பங்களாக்காரர்கள் மட்டும் வரவில்லை, ஒருநாள் சுங்க அதிகாரியும் வந்தார். நிதானமாக எல்லாத் தொட்டிகளையும் பார்த்தார். "சிங்கப்பூர் மீனா? இறக்குமதி லைசென்ஸ் எங்கே?" என்றார்.

வேலப்பனுக்கு வியர்த்தது. சிங்கப்பூர் மீன் என்றால் கடத்தல். ராயபுரம் மீன் என்றால் வாடிக்கையாளரை ஏமாற்றிய பாவம். இரண்டில் ஜெயிலுக்குப் போகாத பாவத்தை அவர் தேர்ந்தெடுத்தார். அதிகாரி நம்பவில்லை. இவ்வளவு அழகான மீன் நம் கரையில் எப்படி இருக்கும் என்று அவரும் கேட்டார். வேலப்பன் அவரைக் கையோடு ஜீப்பில் ஏற்றி ராயபுரத்துக்குக் கூட்டிவந்தார்.

ஜீப் வந்தால் கரையே கூடிவிடும், கூடியது. கட்டுமரம் ஒன்று அப்போதுதான் ஏறியிருந்தது. சிலுவையம்மாள் வலையைத் தொட்டிக்குள் அமுக்கி ஊசியை விட்டாள். தேன் நிற மீன் ஒன்று நழுவி வந்து, நீல வளையத்தைக் காட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னாலேயே ஒரு ஏட்டையா வந்தது.

"இதுக்கு லைசென்ஸ் யாரு குடுக்கணும் சார்?" என்றாள் சிலுவையம்மாள். "இது நீந்தியே வந்துட்டுது."

அதிகாரி சிரித்துவிட்டார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். இதற்கு என்ன தீனி போடுவது என்று விசாரித்தார். போகும்போது வேலப்பனிடம், "பலகையை மாத்துங்க. உள்ளூர் மீன்னா எந்தத் தடையும் இல்லை. ஊருக்குள்ளே இதுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும்போது எதுக்குய்யா பொய்?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று சாயங்காலமே பலகையில் "நம்ம ராயபுரம் மீன்" என்று எழுத்து மாறியது. வேடிக்கை என்னவென்றால், லைசென்ஸ் இல்லாமல் வேறு மீன் வராது என்று தெரிந்ததும் பங்களாக்காரர்களுக்கு ராயபுரமும் பிடித்துப்போயிற்று.

ஆனால் 'கிராக்கி' என்ற சொல் கூட்டத்தில் நின்ற அம்புரோஸின் காதிலும் விழுந்திருந்தது.

மறுநாள் காலை அவர் குடையோடு கரைக்கு வந்தார். வலை கழிக்க உட்கார்ந்த பெண்கள் முன்னால் நின்றார்.

"இன்னாமே சிலுவ, கலர் மீனு விக்கிறியாமே."

"ஆமா. வலையில மிச்சம் வந்துது."

"வலை யாருது?"

"உங்களுது."

"அப்போ அதுல வரதும் என்னுது. இன்னிலேருந்து அந்த மீனுங்கள என் வூட்டுக்கு அனுப்பிடு. மார்க்கெட்டுக்காரன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

சிலுவையம்மாள் எழுந்து நின்றாள். "மிச்சம் வலை கழிக்கிறவளுக்குன்னு நீங்கதான சொல்வீங்க? பொம்பளைங்களுக்கு உரிமை கீதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்களே."

"அது கழிசலுக்குச் சொன்னது."

"இதுவும் கழிசல்தான். போன வருஷம் வரிக்கும் பொதைச்சோம்."

"இன்னாமே, சட்டம் பேசற? வேதத்துல வர இராயப்பர் காலத்துலேருந்து வலைக்காரனுக்குத்தான் மீனு. போயி பாதரக் கேளு."

"இராயப்பர் தன் வலைய தானே அலசினாராம், பாதர்தான் பிரசங்கத்துல சொன்னாரு. அன்னிக்கி நான் எய்ந்து போவல. நீங்களும் அலசுங்க."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். அம்புரோஸின் முகம் சிவந்தது. குடையை மணலில் குத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வலை என்னுது. வலையில வரது எல்லாம் என்னுது."

கெங்கம்மா சிலுவையம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"நல்லா கேட்டுக்குங்க" என்று கரையைப் பார்த்துச் சொன்னாள். "மொதலாளி எல்லாம்னு சொல்லிட்டாரு."

அன்று பெண்கள் வலையைக் கழித்த நேர்த்தி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு நண்டுக் கால் கீழே விழவில்லை. உயிரோடிருந்த வண்ண மீன்களைத் தனிக் குண்டானில் விட்டார்கள். மற்றதை, அதாவது சொறி, பேத்தை, பாசி, பெரிய மீன் கடித்துத் துப்பிய மீன் தலை, கந்தல், செருப்பு எல்லாவற்றையும், கூடை கூடையாக நிரப்பினார்கள். தலையில் ஏற்றிக்கொண்டு, மாதா தேர் போகிற மாதிரி வரிசையாக, அவசரமில்லாமல் அம்புரோஸ் வீட்டுத் தெருவுக்கு நடந்தார்கள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் கெங்கம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "மொதலாளி சொத்து. பொதைக்க எங்களுக்கு இன்னா பாத்தியதை கீது?"

அம்புரோஸின் மனைவி டோரதி கதவைத் திறந்தபோது வாசலில் முதல் கூடை கவிழ்ந்தது.

"இன்னாடி இது?"

"உங்க வூட்டுக்காரர் சொத்துங்க" என்றாள் சிலுவையம்மாள் பணிவாக. "ஒண்ணுகூட கொறையல. அந்தச் செருப்புக்கு ஜோடி நாளைக்கு வந்தா கொண்டாந்து குடுத்துடறோம்."

மறுநாள் ஜோடி வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தெருக் காக்கைகள் விருந்தாளிகளைக் கூட்டிவந்தன. பூனைகள் சுவர் மேல் இடம் பிடித்துச் சண்டை போட்டன. வெயிலில் சொறி கரைந்து வாசலில் கோலம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு அம்புரோஸைக் கூப்பிட்டார்கள்.

அவர் பெண்கள் வலையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தன் கட்டுமர ஆட்களிடம் அதைக் கழிக்கச் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வலை கழிக்கிறது பொம்பள வேலை மாமு. நாங்க செஞ்சா சிரிப்பாங்க" என்றான் ஒருவன்.

ஆண்களின் வீறாப்பு அந்தக் கரைப் பெண்களுக்கு உதவியது அதுவே முதல் தடவை.

வண்ண மீன்களை வைத்தாவது காசு பார்த்துவிடலாம் என்று அம்புரோஸ் நினைத்தார். வந்தவற்றில் நல்லதாக ஒரு கல்யாணப் பொண்ணு, சில ஏட்டையா, இன்னும் சில பொடி மீன்கள், கூடவே கம்பீரமாக ஒரு விசிறிக்காரி. பெண்கள் அதைத் தனி டின்னில்தான் கொடுத்திருந்தார்கள். ஒரே பாத்திரமாக இருந்தால் பஸ்ஸில் கொண்டுபோக வசதி என்று அவர் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றி, ஈரச் சாக்கால் மூடி, மறுநாள் காலை மூர் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனார். வேலப்பன் சாக்கை விலக்கினார். அண்டாவில் விசிறிக்காரி மட்டும் இருந்தாள். வயிறு கொஞ்சம் புடைத்திருந்தது. துடுப்பை விரித்து, பெரிய வீட்டு அம்மாள் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் எங்கேங்க?" என்றார் வேலப்பன்.

அம்புரோஸ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். கடைசியில் விசிறிக்காரியைப் பார்த்தார்.

"உள்ளதான் கீது" என்றார்.

அன்று மத்தியானம் அவர் கரைக்கு வந்தபோது குடை இல்லை. கழிக்காத வலைகள் குவியலாகக் கிடந்தன. பெண்கள் கைவேலை இல்லாமல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர்கள் வயிறும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. மிச்சம் இல்லாத நாட்களில் குழம்பும் இல்லை, மார்க்கெட்டும் இல்லை. இன்னும் சில நாள் போனால் யாராவது ஒருத்தி கடனுக்கு அம்புரோஸ் வாசலில் போய் நிற்க வேண்டும்; அந்த வாசலில் அன்று நிற்க முடியாத நாற்றம் என்பது வேறு விஷயம். சிலுவையம்மாளுக்கு அது தெரியும். ஆனால் வெற்றிலையை மென்ற வேகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி மே, எடுத்துக்குங்க" என்றார் அம்புரோஸ். "மிச்சத்த எடுத்துக்குங்க. முன்ன மாதிரியே."

"முன்ன மாதிரி வேணாம்."

"அப்புறம்?"

"வலை கழிக்கிறதுக்குக் கூலி. மிச்சம் எங்குளுது. ரெண்டும் வேற வேற."

"ரெண்டுமா? இது அநியாயம்."

அந்தச் சொல்லை அம்புரோஸ் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்கிறார் போலும், கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது.

"நீங்களே கணக்கு பாருங்க" என்றாள் சிலுவையம்மாள். "மூணு நாளா நாங்க கழிசல பொதைக்கல. அது எம்மாம் பெரிய வேலைன்னு இப்போ உங்க தெருவுக்கே தெரியும். அந்த வேலைக்குத்தான் கூலி. மீனு வேற. வலையில நீங்க வேணான்னு உட்டத எங்க கையால உயிரோட எடுக்கறோம். பீப்பா எங்களுது, ஊசி எங்களுது, குத்துப்பட்ட வெரலும் எங்களுது."

அப்போது அம்புரோஸின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டோரதி முந்தானையை மூக்கில் பிடித்தபடியே வந்திருந்தாள்.

"குடுத்துத் தொலைங்க" என்றாள். "காலைல வூடு மந்திரிக்க பாதர் வந்தாரு. மூக்க பொத்திகினே செபம் சொன்னாரு. தீர்த்தத்த வாசலோட தெளிச்சிட்டு ஓடிட்டாரு."

கெங்கம்மாதான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அம்புரோஸ் திரும்பினார், டோரதியும் சிரிப்பதைப் பார்த்தார், பிறகு கையை வீசி, "கூலி தரேன். மிச்சமும் உங்குளுது. மொதல்ல என் வாசல சுத்தம் பண்ணுங்க" என்றார்.

"அதுக்குத் தனிக் கூலி" என்றாள் சிலுவையம்மாள்.

அதையும் அவர் ஒத்துக்கொண்டார். ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொன்னார். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலைக்கு இறங்கினார்கள். வேலப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கெங்கம்மா பீப்பாயில் புதுத் தண்ணீர் நிரப்பினாள்.

அந்தச் செய்தி அடுத்த துறைக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அங்கே வலை கழித்துக்கொண்டிருந்த பெண்கள் மறுநாள் காலையில் முதலாளியிடம் கூலி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கழிசலைக் கூடைகளில் நிரப்பி, தலையில் ஏற்றிக்கொண்டு, முதலாளி வீட்டுத் தெருவைப் பார்த்தபடி மணலில் வரிசையாக நின்றார்கள். யாரும் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அவர் ஓடிவந்து சரி என்று சொல்லிவிட்டார்.

சிலுவையம்மாள் இதைக் கேள்விப்பட்டபோது வலையில் ஒரு முரட்டு ஏட்டையாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரலில் முள் ஏறியது. பழைய வழக்கப்படி வைய வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணியை நெகிழ்த்தி அதைத் தண்ணீரில் விட்டாள்.